காகம் எடுக்கும்வரை

இந்தக் கோப்பி நன்றாக இருக்கிறது. எனக்கு ஒருவர் கோப்பி போட்டுத் தந்து கனகாலம். மொழிபெயர்க்கிற பிள்ளை சென்னைக்காரி. என்னுடைய யாழ்ப்பாணத்துப் பேச்சு அவவுக்கு அரைவாசிதான் விளங்குகிறது. ஆனபடியால் புத்தகத் தமிழில் சொல்கிறேன். அண்ணை சொன்னதை மட்டும் அவர் சொன்ன மாதிரியே சொல்வேன். அதை மாற்ற எனக்கு வாய் வராது.

போன ஆகஸ்ட் மாதம் கிரேக்க தேசத்தில் என் அண்ணை செத்தது வெயிலால் அல்ல என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொலிஸ் ஐயா தலையை ஆட்டிவிட்டு, துக்கம் வந்தால் மனிதர் இப்படித்தான் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்வார்கள் மதாம், என்கிறார். அண்ணையின் மகள் தனுஷாவுக்குப் போன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகும்படியும் சொல்லிவிட்டீர்கள். அவள் இல்-பிசார் தீவிலிருந்து வரவேண்டும். இந்தப் பனிக்குள் பாலம் தாண்டி வரக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் நீங்கள் என்னை நம்பவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் பெயர் இந்திராதேவி. அண்ணை நகுலேஸ்வரன், ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே மொன்றியலுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். தனுஷா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவளுடைய தாய் புற்றுநோயில் போய்விட்டா. அண்ணை எப்படியெல்லாமோ பாடுபட்டு என்னைச் சண்டைக்குள்ளிருந்து எடுத்து இங்கே கூப்பிட்டார். தாயில்லாப் பிள்ளையைப் பார்க்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். உயிர் தப்பி இருக்க எனக்கு ஒரு இடம் வேண்டும். அவர் நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாளும் கை நீட்டியதில்லை. முதல் பனிக்கே எனக்கு நல்லதாக ஒரு கோட் வாங்கித் தந்தார்.

கல்யாணம் செய்து வைப்பதாகச் சொல்லித்தான் கூப்பிட்டார். வந்த இடங்களிலெல்லாம் ஏதாவது ஒரு குறை இருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவர் வந்தார், திருகோணமலை ஆள், மெதுவாகச் சிரிப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அண்ணை, “குடும்பம் தெரியாது, அவசரப்படாதை” என்றார். நான் அவசரப்படவில்லை. ரொக்ஸ்பரோவில் அண்ணையின் வீட்டில் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், பனி தள்ளினேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டேன், கூட்டிவந்தேன். அப்படியே தலை நரைத்துவிட்டது.

பிறகு அண்ணைக்குச் சீனி வருத்தம் முற்றியது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. அவருக்கு ஊசி என்றால் பயம், ஆகையால் நான்தான் போடுவேன். நெஞ்சிலும் கோளாறு இருந்தது. கடைசியாகக் கண்ணையும் அந்த வருத்தம் எடுத்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அசைவு தெரியும், முகம் தெரியாது. என் இடது தோளில் கையை வைத்துக்கொண்டுதான் நடப்பார். இரவில் படுக்கும்போதுகூட அந்தத் தோளில் கை இருப்பது போலவே கிடக்கும்.

ஊசி போட்டால் சாப்பிடவேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை வீட்டில் அப்படி மயங்கியபோது அம்புலன்ஸில் வந்தவர் என்னை இருத்திவைத்துச் சொல்லித் தந்தார்: வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், உடனே வாயில் இனிப்பைப் போடு, பிறகு எங்களைக் கூப்பிடு. அன்றிலிருந்து என் கைப்பையில் குளுக்கோஸ் டொஃபி எப்போதும் இருக்கும். தெரியாமல் நடந்தது என்று பிறகு நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனிக் காகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மொழிபெயர்க்கிற பிள்ளைக்குத் தெரியும், ஐயாவுக்குத்தான் தெரியாது. ஆடி மாதத்து அமாவாசையில், தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருப்பார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மத்தியானம் மரக்கறி சமைத்துப் படைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைப்பார்கள். செத்தவர்கள் காகமாக வருவதாக நம்பிக்கை. காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். ரொக்ஸ்பரோவில் பின்வளவு வேலியில் வைப்போம். ஒரு வருடம் காகத்துக்கு முன் அணில் வந்து தின்றுவிட்டது. சோறு எச்சிலாகிவிட்டது என்று அண்ணை என்னை எல்லாவற்றையும் முதலிலிருந்து சமைக்கச் சொன்னார். சமைத்தேன். அவர் சட்டம் என்றால் சட்டம்.

பயணத்துக்கு வருவோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்புறோஸ் என்று ஒருவர், மட்டக்களப்புக்காரர், மாதா கோயில் சனத்தைக் கூட்டிக்கொண்டு யாத்திரை போகிறவர். பவுல் அடிகள் நடந்த இடங்கள் என்று கிரேக்கத்துக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். நாங்கள் சைவக்காரர். ஆனால் அண்ணை ஆயுள் முழுக்கக் கிரேக்கச் சரித்திரம் படிப்பித்தவர், ஒரு கல்லைக்கூடக் கண்டதில்லை. “கண் முழுதா அவியிறதுக்கு முன்னம் ஒருக்காப் போகவேணும்” என்று பிள்ளை மாதிரிக் கேட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹோட்டல் என்றால் சமையல் இல்லை என்று நினைத்தேன். பெட்டி அடுக்கும்போது, “ரைஸ் குக்கரையும் வை, இடையிலை அமாவாசை வருது” என்றார்.

அந்த நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஏதென்ஸ் ஹோட்டலில், புகை மணி அடித்துவிடும் என்று குளியலறைக்குள் குக்கரை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணி. மொன்றியலிலிருந்து பொரித்துக் கொண்டுபோன காத்தோட்டிக்காய், அந்த விரதத்துக்கு அது இல்லாமல் சரிவராது. கீழே எல்லோரும் முட்டையும் பாணும் சாப்பிட்டார்கள். அண்ணை சாப்பிடவில்லை. ஆனால் காலை ஊசியைப் போடச் சொன்னார். சாப்பிடாமல் எப்படி அண்ணை என்று கேட்டேன். “மருந்துக்கு என்ன விரதம், போடு” என்றார். போட்டேன். அது அவருடைய பிழை. எல்லாமே என் பிழை என்று சொல்ல நான் வரவில்லை.

முதலில் கொரிந்து. வெயில் ஏறுவதற்கு முன்பே கல்லெல்லாம் சுட்டது. பவுல் அடிகள் நின்றதாகச் சொல்லப்படும் மேடையடியில் அம்புறோஸின் மனைவி அக்னெஸ் முழங்காலில் இருந்து அழுதா. அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில் தூண்கள் பக்கம் போகச் சொன்னார்.

“என்ன தெரியுது? சொல்லு.”

“தூண், அண்ணை. ஏழு தூண்.”

“உச்சி எப்பிடி? சுருளோ, சப்பட்டையோ?”

“சப்பட்டை.”

“அப்ப டோரிக்.” உடனே திரும்பி, நிழலில் நின்ற எல்லோருக்கும் டோரிக் தூணைப் பற்றி ஒரு பாடம் எடுத்தார். வழிகாட்டிப் பெண்ணும் வந்து நின்று கேட்டா. எல்லோரும் கை தட்டினார்கள். என்னிடம் அவர் ஒரு தரமும் திருப்பிக் கேட்பதில்லை. நான் ஏழு என்றால் ஏழு, சப்பட்டை என்றால் சப்பட்டை. அன்று காலை முழுவதும் உடைந்த கல் ஒவ்வொன்றையும் நான் பார்த்துச் சொன்னேன், அவர் விளக்கினார். எனக்காக ஒரு கல்லைத்தானும் நான் பார்க்கவில்லை. வாய் வறண்டு, தோள் கொதித்து, எங்கேயாவது ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் போல இருந்தது.

மத்தியானம் ஆவதற்குச் சற்று முன் மைசீனி. மலைச்சரிவில் ஒரு பழைய கோட்டை. பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன் மத்தியான ஊசியைப் போட்டேன். வாசலை மட்டும் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அந்த வாசலுக்கு மேலே இரண்டு சிங்கம் கல்லில் செதுக்கியிருக்கிறது, தலை இரண்டும் உடைந்து போய்விட்டது.

“என்ன மாஸ்டர், நம்மட ஊர்லதான் கொடியில சிங்கம் எண்டா, இஞ்சயும் வாசல்ல நிக்குதே” என்றார் அம்புறோஸ். “நல்லகாலம், தலை இல்ல.”

அண்ணை நன்றாகச் சிரித்தார். அந்த வாசல் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

மற்றவர்கள் மேலே ஏறினார்கள். நாங்கள் திரும்பி வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பால் ஒரு மரநிழலில் இருந்தோம். பக்கத்தில் சின்னக் கல்மதில். கடதாசித் தட்டில் சோறும் கறியும் வைத்து அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டு ஒரு பிடியைத் தந்தார், நான் மதிலில் வைத்தேன். அவர் “கா, கா” என்று கூப்பிட்டார். சில்வண்டுகள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. போகிற வருகிற உல்லாசப் பயணிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணைக்கு அவர்கள் தெரியவில்லை.

பிறகு அது வந்தது. எங்கள் ஊர்க் காகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தலை, செட்டை, வால் எல்லாம் கறுப்பு, உடம்பு சாம்பல். காகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதிலில் குந்தி, தலையைச் சரித்து, சோற்றைப் பார்த்தது. அண்ணைக்கு அசைவு தெரிந்திருக்கிறது.

“தேவி, உது காகமோ?”

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓம் என்றால் அவர் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு என் தோளைப் பிடிப்பார். பின்னேரம் ஒரு பழைய ராசாவின் கல்லறை இருக்கிறது, அதை நான் பார்த்துச் சொல்லவேண்டும். இரவு ஊசி. நாளைக்கு வேறு ஊர், வேறு தூண். பிறகு ரொக்ஸ்பரோ, பனி, சமையல், ஊசி. எங்கள் தகப்பன் தொண்ணூறு தாண்டி இருந்த மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை. சும்மா களைப்பாக இருந்தது.

“இல்லை அண்ணை. புறா.”

“அப்ப கலைச்சுவிடு.”

கலைத்துவிட்டேன். அது கொஞ்சத் தூரம் பறந்து மரத்தில் இருந்தது. திரும்பவும் வந்தது. திரும்பவும் கலைத்தேன். ஒருமுறை அது கத்தியது. அண்ணை தலையை நிமிர்த்தி, “காகம் கத்துதே” என்றார்.

“அது மேலை, மலையிலை. இஞ்சை வரேல்லை.”

அவர் சரி என்றார். நான் சொன்னால் அவருக்குச் சரிதான்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்தது. வெயில் வேர்வை வேறு, இது வேறு. இது குளிர்ந்து கிடக்கும். தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. மடியில் வைத்திருந்த விரல்கள் நடுங்கத் தொடங்கின. சோற்றுத் தட்டை வாங்கி என் பக்கத்தில் வைத்தேன், கவிழ்ந்துவிடும் என்பதற்காக. பேச்சிலும் தடுமாற்றம் வந்தது. என்னை அம்மா என்று கூப்பிட்டார். பிறகு தெளிந்து, “தேவி, இனிப்பு ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார்.

கைப்பை என் மடியில் இருந்தது. என் கை அதன்மேல் இருந்தது.

“காகம் இன்னும் எடுக்கேல்லை, அண்ணை.”

“ஓம் என்ன,” என்றார். “அப்ப இருப்பம்.”

இருந்தோம். இதைத்தான் என்னால் உங்களுக்குச் சரியாக விளக்க முடியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய தொப்பியால் அவருக்கு விசிறினேன், அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அண்ணனும் தங்கையும் இளைப்பாறுகிற மாதிரி இருந்திருக்கும். காகம் மரத்தில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அது கீழே வரும்போதெல்லாம் அதே தொப்பியால் நான் கலைத்தேன்.

அக்னெஸ் முழங்கால் நோவென்று மற்றவர்களுக்கு முன்பே இறங்கி வந்தா. கையில் தோடம்பழ ஜூஸ் போத்தல்.

“மாஸ்டருக்குச் சரியா வேர்க்குது அக்கா. இதக் குடுங்க.”

“விரதம், அக்னெஸ்.”

“ஐயோ, தெரியாமக் கேட்டுட்டன்,” என்று மூடியைத் திருகிப் போத்தலைப் பைக்குள் வைத்தா. மற்றவர்களுடைய நம்பிக்கையில் தலையிடாத நல்ல மனுஷி. இப்போதும் என்னைக் கண்டால் அழுகிறா, வற்புறுத்திக் கொடுத்திருக்கலாமே என்று. நான் அவவின் கையைத் தடவி ஆறுதல் சொல்கிறேன். நீங்கள் போய் அவவிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். அவவிடம் ஒரு பிழையும் இல்லை.

அண்ணைக்கு வலிப்பு வந்தபோது நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அம்புறோஸ் ஓடி வந்தார், வழிகாட்டிப் பெண் அம்புலன்ஸைக் கூப்பிட்டா. மலைப்பாதையில் அது வந்து சேரும்போது அண்ணை போய்விட்டார். வைத்தியர் பெயர், வயது, வருத்தம் எல்லாம் கேட்டார். சாப்பிடாமல் வெயிலில் இருந்தார், இருதய நோயாளி என்று அம்புறோஸ் சொன்னார். அந்தக் கிழமை வெயில் கனபேரைக் கொண்டுபோயிருந்தது. வைத்தியர் என் தோளில், அதே இடது தோளில், கையை வைத்து ஏதோ சொன்னார். அண்ணையை வண்டியில் ஏற்றும்போது நான் திரும்பிப் பார்த்தேன். காகம் மதிலில் நின்று சோறு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. தட்டில் இருந்ததையும் பிறகு தின்றிருக்கும்.

அன்று ஹோட்டலில் ஆட்கள் வந்து என்னோடு இருக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கட்டிலில் விழுந்தேன், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழும்பினேன். அப்படி ஒரு நித்திரை எனக்கு இந்த நாட்டுக்கு வந்த பிறகு வந்ததில்லை. அழவேண்டும் என்று நினைத்தேன், அழுதேன். அது பொய்யழுகை அல்ல. அவரில் எனக்குப் பாசம் இருந்தது.

ஐயா ஏதோ கேட்கிறார். ஓம், விளங்குகிறது. ஏன் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்தேன் என்கிறார். மனச்சாட்சியோ என்கிறார். இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ரொக்ஸ்பரோ வீட்டில் தனியே இருந்த காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். பசித்தபோது பாணில் ஜாம் பூசிச் சாப்பிட்டேன். பசிக்காவிட்டால் சாப்பிடவில்லை. அடுப்பு துடைத்தபடியே கிடந்தது. மெற்றோவில் ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாமல் போய், எங்கேயோ இறங்கி, சும்மா நடந்தேன். மனச்சாட்சி வந்து என் கதவைத் தட்டவில்லை.

வந்தது தனுஷாதான். வீட்டை விற்கப்போவதாகச் சொன்னாள். “மாமி, நீங்கள் தனியக் கிடந்து யோசிக்கக் கூடாது. எங்களோடை வந்திருங்கோ. கீழை உங்களுக்கெண்டு ஒரு அறை அடிச்சிருக்கிறம்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை. கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கவில்லை. பிள்ளையை என் மடியில் வைத்து, “அப்பாவும் இல்லை, இவளை இனி நீங்கள்தான் பாக்கவேணும்” என்றாள். நான் ஓம் என்றேன், அங்கே குடிபோனேன். வேறு சொல் எனக்குப் பழக்கமில்லை. அந்தத் தீவில் பஸ்ஸும் அருமை; வெளியே போவதென்றால் அவர்களைக் கேட்கவேண்டும். தனுஷா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். காலையிலிருந்து பொழுதுபடும்வரை பிள்ளையும் நானும் மட்டும்தான்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். தனுஷா குளித்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியோடு இருந்தேன். கீழே போகிற படிக்கட்டுக்கு ஒரு சின்னக் கதவு போட்டிருக்கிறார்கள், பிள்ளை விழாமல் இருக்க. அது திறந்து கிடந்தது. பிள்ளை தவழ்ந்து அதைப் பார்த்துப் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவேண்டும் என்று தெரியும். எழும்பவில்லை. கோபம் இல்லை, அந்தப் பிள்ளையில் எனக்கு என்ன கோபம். மைசீனி மரத்தடியில் இருந்த அதே களைப்பு, அதே அமைதி. பிள்ளை படியின் ஓரத்தில் நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு தானாகத்தான் திரும்பி வந்தது. நான் திருப்பவில்லை.

நான் நல்லவள் என்று காட்ட இங்கே வரவில்லை. அண்ணையைக் கொன்றது நான்தான். அது புறா அல்ல, காகம்; டொஃபி என் கைப்பைக்குள் இருந்தது; அவர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. ஒரு தரம் செய்தால் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை.

வெளியே தனுஷாவின் குரல் கேட்கிறது. சப்பாத்தில் இருக்கிற பனியைத் தட்டுகிறாள். பிள்ளையையும் கொண்டுதான் வந்திருப்பாள், புருஷன் வேலையில், விட்டுவிட்டு வர வேறு ஆள் இல்லை. உள்ளே வந்தவுடன், “மாமி, ஒருக்காப் பிடியுங்கோ” என்று பிள்ளையை என்னிடம் நீட்டுவாள். நான் கையை நீட்டுவேன். நீட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஐயா, எழும்புங்கள். பிள்ளையை நீங்கள் வாங்குங்கள்.